படிப்பவரின் நேரம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த கட்டுரையும் கிடைத்தன. நிறையப் படிக்கிறேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாம் வேறு யாரோ எழுதியது போல வருகிறது, என்ன படித்தால் நன்றாக எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரவல் மேசைக்கு எதிரே நின்று இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் உங்களுக்கு எழுதுவதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன். கேட்ட மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் நூலகர். ஒருவர் எழுதியதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் என் தொழில். புத்தகத்தை மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை எங்களைப் போல யாரும் பார்ப்பதில்லை. அடுக்கிலிருந்து உருவுவார்கள். அட்டையைப் பார்த்து, பின்னட்டையைத் திருப்பி, பிறகு முதல் பக்கத்தைத் திறந்து நின்றபடியே படிப்பார்கள். பள்ளி ஆசிரியரும் அப்படித்தான், லாரி ஓட்டுநரும் அப்படித்தான். அரைப் பக்கத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். புத்தகம் மேசைக்கு வரும், அல்லது இருந்த இடத்துக்கே திரும்பிப் போகும். வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் புத்தகங்களும் பேசும். சிலவற்றில் தேதிச் சீட்டு நிறைந்து அதன் மேல் இன்னொன்று ஒட்டியிருக்கும். கடைசிப் பக்கம் வரை ஓரம் கறுத்திருக்கும். வேறு சிலவற்றில் முதல் முப்பது நாற்பது பக்கம் மட்டும் விரல் பட்டுப் பழுத்திருக்க, மீதி அச்சகத்திலிருந்து வந்த விறைப்போடு அப்படியே இருக்கும். இதைவிட நேர்மையான மதிப்புரையை நான் படித்ததில்லை. படித்தவர் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று அந்த ஓரங்கள் காட்டிவிடுகின்றன.

எங்கள் துறையில் ஐந்து விதிகள் உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்தவை. அவர் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். மாணவர்களோடு பழகியவருக்கு அந்தத் தனிமை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். லண்டனுக்குப் போய் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போன இடத்தில் ஊர்ப் பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகள், தொழிலாளிகள், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று சகலரும் புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். 1925இல் திரும்பியவர் அதன் பிறகு வேறு வேலையை நினைக்கவே இல்லை. புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு என்பது அவருடைய முதல் விதி. அதை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வளவு எளிய வாக்கியத்தை ஏன் விதி என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பது புரியும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பவை அடுத்த இரண்டு. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. 1931இல் சென்னை நூலகச் சங்கம் இவற்றைப் புத்தகமாக வெளியிட்டது.

நான்காவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்கிறது அது. அடுக்குகளைப் பூட்டாமல் திறந்துவைப்பது, கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகங்களை வைப்பது, முதுகில் பகுப்பு எண் எழுதி ஒட்டுவது, ஆசிரியர் பெயரைக் கொண்டும் தலைப்பைக் கொண்டும் தேடும்படி பட்டியல் தயாரிப்பது எல்லாம் இந்த ஒரு விதிக்காகத்தான். என் கணிப்பில் இது நூலகத்தோடு நிற்கிற விதி அல்ல. எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் தன் ஒரு மணி நேரத்தை உங்களிடம் நம்பிக் கொடுக்கிறார். சமையலை முடித்துவிட்டோ, இரவுப் பணிக்குக் கிளம்புவதற்கு முன்போ கிடைத்த ஒரு மணி நேரமாக அது இருக்கும். அதை மதிப்பதிலிருந்து நடை பிறக்கிறது.

நேரத்தை மதிப்பது என்றால் சுருக்கி எழுதுவது என்று எண்ணிவிட வேண்டாம். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை இதழில் வாராவாரம் தொடராக வந்தது. ஐந்து பாகம். இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. அதைப் படித்தவர் யாரும் நேரம் போயிற்றே என்று வருந்தி நான் கேட்டதில்லை. ஆனால் நாலு பக்கக் கட்டுரை ஒருவருடைய மாலையை வீணாக்கிவிடக்கூடும்.

இனி உங்கள் கட்டுரை. உங்கள் தாத்தாவின் குழித்தறியைப் பற்றி எழுத விரும்பியிருக்கிறீர்கள். அருமையான பொருள். ஆனால் தமிழர் நாகரிகத்தின் தொன்மையில் தொடங்கி, நெசவின் பெருமை, கைத்தறியின் இன்றைய நிலை என்று மூன்று பத்திகள் கடந்த பிறகுதான் தறி வருகிறது. அந்த மூன்று பத்திகளையும் தறியைக் கண்ணால் பார்க்காத ஒருவரும் எழுதிவிடலாம். அடுத்த பத்தியில், விடிவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நூலைத் தொடாமல் சுவரோரமாக நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் தெருவில் நடந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. அதற்கு அடுத்த வரியிலேயே அதை விட்டுவிட்டு நெசவாளர் நலனுக்குப் போய்விட்டீர்கள்.

வேறு யாரோ எழுதியது போல வருகிறது என்று நீங்கள் சொன்னதற்குக் காரணமும் அந்த மூன்று பத்திகளில் இருக்கிறது. 'தாத்தா நெசவுத் தொழிலை மேற்கொண்டு வந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அப்படிச் சொல்வீர்களா? 'தாத்தா தறி நெய்தார்' என்றுதான் சொல்வீர்கள். 'பாதிப்புக்கு உள்ளானார்' என்று ஓரிடத்தில் வருகிறது. எதனால், என்ன ஆயிற்று என்பது வரவில்லை. குழியில் காலைத் தொங்கவிட்டு ஆயுள் முழுக்க உட்கார்ந்தவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதா, நூல் விலை ஏறிக் கடன் பட்டாரா? 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று மூன்று வாக்கியங்கள் முடிகின்றன. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறீர்கள்! இந்தச் சொற்கள் எல்லாம் அலுவலகக் கோப்பிலிருந்தும் செய்திக் குறிப்பிலிருந்தும் வருபவை. யார் செய்தார் என்று சொல்லாமல் நழுவ வேண்டியவர்களுக்கு அவை தேவைப்படலாம். உங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அந்த வாக்கியங்களைத் திருத்திப் பாருங்கள், உங்கள் குரல் தானாக வந்துவிடும்.

இலக்கணம் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படியுங்கள். ஆனால் சந்திப் பிழைக்குப் பயந்து மட்டும் படிக்க வேண்டாம். பவணந்தி முனிவரின் நன்னூலை எடுத்தால் நேராக எழுத்தியலுக்குப் போய்விடாமல் அதன் பாயிரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் அதற்கு இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் அங்கே அடுக்கியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. இன்றைய பத்திரிகை உதவி ஆசிரியர் ஒருவர் கையில் அந்தப் பட்டியலை மட்டும் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். சொன்னதையே சொல்வது, தேவைக்கு மேல் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. எனக்கு மிகவும் வியப்பளித்தவை இரண்டு. ஒன்று, மற்றொன்று விரித்தல்: சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னொன்றை விரித்துக்கொண்டு போவது. இரண்டாவது, சென்று தேய்ந்து இறுதல்: பெரிதாகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. பக்க ஓரம் கறுத்த புத்தகத்தையும் விறைத்த புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் போலப் பெயர் வைத்திருக்கிறார். அழகுகளின் வரிசையில் சுருங்கச் சொல்வதை முதலிலும் விளங்க வைப்பதை அதற்கு அடுத்தும் வைத்தார். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சுருக்கியதால் விளங்காமல் போனால் அது அழகாகாது.

ஓசையும் அந்த அழகுகளில் ஒன்று. உரைநடைக்கு ஓசை எதற்கு என்று கேட்காதீர்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கும், நாக்கு இடறுகிற இடத்தில் பொருளும் இடறியிருக்கும்.

ரங்கநாதனிடம் இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை இயக்கிக் காட்டுவதைப் பார்த்தார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மைகள் செய்தார்கள். புத்தகங்களின் பொருளையும் இப்படி உறுப்புகளாகப் பிரித்துப் பூட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. உறுப்புகளுக்கு நடுவே கோலன் எனப்படும் முக்காற்புள்ளி வைத்ததால் அந்தப் பெயர். பின்னாளில் அதை அவர் ஐந்து அடிப்படைகளாக வளர்த்தார்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். சோழர் காலத்தில் தஞ்சையில் கருங்கல்லால் கோயில் கட்டியது பற்றி ஒரு புத்தகம் வந்தால், கோயில் ஆளுமை, கருங்கல் பொருள், கட்டுதல் ஆற்றல், தஞ்சை இடம், சோழர் காலம் காலம். நூலகருக்கு இது எண் கொடுக்கும் முறை. எழுதுகிறவர் எழுத உட்காருவதற்கு முன்பு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகளாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் முதலில் வைத்ததும் என் நினைவுக்கு வருகிறது. எங்கே, எப்போது என்று காட்டாமல் நம் பழைய புலவர்கள் காதலைப் பாடுவது அரிது. உங்கள் தறி எந்த ஊரில், எந்த ஆண்டுகளில் ஓடியது? பருத்தியா, பட்டா? தறிக்கு மரம் எங்கிருந்து வந்தது? ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுத்தது யார், பாட்டியா? இவற்றுக்கு விடை எழுதினாலே தமிழர் நாகரிகம் பற்றிய பத்திக்கு இடமிருக்காது.

என்ன படிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படியுங்கள். அவரைப் பதிப்பாசிரியராக எல்லோருக்கும் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த 1880இல், அந்த ஊருக்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, தான் பாடம் கேட்ட அந்தாதிகள், உலாக்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிற வரைக்கும் ஏழு ஆண்டுகள். அதில் சமணக் கருத்துகள் புரியாத இடங்களுக்குத் தானே பொருள் கற்பித்துக்கொள்ளாமல், கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன புலவர், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் மாணவராக உட்கார்ந்தார். அடுத்தடுத்துப் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. பதிப்புகளோடு முன்னுரை, நூலாசிரியர் வரலாறு, அருஞ்சொற்களுக்கு அகராதி என்று படிப்பவருக்கு என்னென்ன வேண்டுமோ அவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். ரங்கநாதன் தன் விதிகளை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நான்காம் விதியைக் கையால் செய்து காட்டியவர் அவர்.

ஆனால் உங்களை அவரிடம் அனுப்புவது இதற்காக மட்டும் அல்ல. ஓலையிலும் பழைய உரைகளிலும் ஆயுளைக் கழித்த அந்த மனிதர், எண்பது வயதைத் தாண்டி, 1940இல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றை வாரத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமல் நின்றது. எத்தனை கடினமான சொல்லும் அவருக்குத் தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற வாக்கியங்களில் எழுதினார். ஊர், தெரு, சாப்பாடு, வண்டிப் பயணம், ஆசிரியர் பாட்டுச் சொல்லச் சொல்ல எழுதிய நாட்கள் எல்லாம் கண்முன் வருகின்றன. அறிந்த சொற்களை எல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அந்த எழுத்தில் எங்கும் இல்லை. நிறையப் படித்தவர்தான் எளிமையாக எழுத முடியும் என்று நான் நம்புவதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். காந்தியைப் பற்றிய படச்சுருள்களை உலகமெங்கும் அலைந்து திரட்டி, 1940இல் ஆவணப்படமாக்கியவர். அவ்வளவு செய்தவர் தன் எழுத்தில் தன்னை ஒரு மூலையில்தான் நிறுத்திக்கொள்வார். சிறு சிறு வாக்கியங்கள். பார்த்ததை மட்டும் சொல்வார்.

அகராதியையும் படிக்கிற புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். பெரிய நூலகங்களின் குறிப்புதவிப் பிரிவில் இருக்கும், இரவல் தரமாட்டோம், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்றைய எழுத்துக்கு 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். ஒரு சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று எடுத்துக்காட்டோடு சொல்லும் அகராதி அது. இவற்றோடு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியையும் பாருங்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு கரிசல் விவசாயி, தன் ஊர் மக்கள் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். உங்கள் தெருவின் நெசவுச் சொற்களை இப்படி யாராவது திரட்டியிருக்கிறார்களா? தறியில் உட்கார்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். கட்டுரை எழுதுவதைவிடவும் இது அவசரமான வேலை என்றுகூடச் சொல்வேன். சொல் தெரிந்தவர் போய்விட்டால் எந்த நூலகத்திலும் அதைத் தேட முடியாது.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்று மட்டும். பிடித்த ஒரு பத்தியை ஒரு தாளில் பார்த்து எழுதுங்கள். கண் ஓடுகிற வேகத்தில் தெரியாதது கை நகர்கிற வேகத்தில் தெரியும். எந்த இடத்தில் வாக்கியத்தை முடித்தார், எந்தச் சொல்லை வேண்டாம் என்று விட்டார் என்பதெல்லாம் பிடிபடும். எங்கள் புத்தகத்தில் அடிக்கோடு போடாதீர்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்தப் பத்தியைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

யாருக்காக எழுதுவது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வண்டியைக் காட்டுகிறேன். 1931இல், ரங்கநாதனின் புத்தகம் வந்த அதே ஆண்டில், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியைப் புத்தக அலமாரிகளோடு வடிவமைத்து ஊர் ஊராக அனுப்பினார். வயல் வேலை முடிந்து வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்று புத்தகம் எடுத்தார்கள். நான் எதையாவது எழுத வேண்டி வந்தால் அந்த வண்டியைத்தான் நினைத்துக்கொள்வேன். நான் எழுதியது அதில் ஏறினால், களத்துமேட்டில் நிற்கும் ஒருவர் அதை எடுத்துப் பிரித்து நின்றபடி அரைப் பக்கம் படிப்பாரா? அவருக்குப் புரியாது என்று நினைத்து மட்டமாக எழுதுவது அவரை அவமதிப்பது. அவருக்குப் புரியாதபடி எழுதுவதும் அப்படித்தான். அவர் அறிவுள்ளவர், உங்கள் பொருளைப் பற்றி இன்னும் கேள்விப்படாதவர், நேரம் குறைவாக உள்ளவர். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும். கூட்டம் எப்போது என்று நூலகரிடம் கேளுங்கள். நன்னூலுக்கு நல்ல உரையோடு ஒரு பதிப்பு அங்கே இல்லையென்றால், வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாசகர் கேட்பதை வாங்குவது எங்கள் கடமை. தறிக் கட்டுரையை, தெருவில் பாவு நீட்டுகிற வரியிலிருந்து தொடங்கி மறுபடி எழுதி, அந்தக் கூட்டத்தில் வாசியுங்கள். கேட்பவர்கள் எந்த இடத்தில் நாற்காலியில் அசைந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் அசையாமல் இருக்கிறார்கள் என்று கவனித்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளோடு உள்ள படியை எனக்கு அனுப்பிவையுங்கள். சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நூலகர்